வாளி கட்டிய படகு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கைதான் பேசும், வாய் அப்புறம்தான் திறக்கும். இதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. ஸ்பானரைச் சுவரில் அடித்திருக்கிறேன். பேரம் பேசிய ஆள் வாசலில் நிற்கும்போதே கடை ஷட்டரை இழுத்து மூடியிருக்கிறேன். படகு எஞ்சின் ரிப்பேர் செய்கிறவனுக்குக் கொஞ்சம் சூடு இருக்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் ஒரு நாள் இந்தக் கை செய்த காரியத்தை ஆறு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா கடைக்கு வந்தாள். நான் ஒரு எஞ்சினைத் தலைகீழாக மாட்டிக் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தாள்.

"உங்க அத்தான் வரமாட்டேங்கறார்டா."

"எங்க?"

"பொண்ணு வீட்டுக்குத்தான். டிக்கெட் போட்டாச்சு. வீட்டுக்காரர்கிட்ட காலி பண்றோம்னு சொல்லியாச்சு. பாதி சாமான் பெட்டிக்குள்ள கிடக்கு. இப்ப வந்து, நீ மட்டும் போ, நான் இங்கயே இருந்துக்கறேங்கறார்."

அவர்களுக்கு ஒரே மகள், தொலைவில் வேறு ஊரில் இருக்கிறாள். அவளும் வேலைக்குப் போகிறாள், அவள் கணவனும் போகிறான். ஒன்றரை வயதுக் குழந்தை. அப்பாவும் அம்மாவும் வந்து கூடவே இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று ஒரு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஏன்னு கேட்டியா?"

"கேக்காம இருப்பேனா? 'இந்த விஷயத்தை நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். என் முடிவுல எந்த மாற்றமும் இல்ல'ங்கறார். புருஷன் பேசற மாதிரியா இருக்கு, வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நான் தனியாப் போய் என்னடா பண்ணுவேன்? இவரை இங்க விட்டுட்டு அங்க எனக்குச் சோறு இறங்குமா? நாளை மறுநாள் ஞாயித்துக்கிழமைதானே, போட்ல கூட்டிட்டுப் போ. தண்ணி மேல உக்காந்தா மனசு விட்டுப் பேசுவார். நீ சொன்னா கேப்பார். உன்னைன்னா அவருக்கு உசுரு."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அத்தான் ஒரு காலத்தில் இப்படி எண்ணி எண்ணிப் பேசுகிற ஆள் இல்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டார். பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் பல் செட் செய்கிற வேலை அவருக்கு. பத்துக்குப் பத்து அறை. மேஜை விளிம்பெல்லாம் பிளாஸ்டர் மாவு படிந்து வெள்ளையாக இருக்கும். ஒரு சின்ன ஸ்பிரிட் விளக்கு, மெழுகுத் தகடுகள், சர்ரென்று சுற்றுகிற தேய்ப்பு மெஷின். அரிசி மணி அளவு மெழுகைக் கத்தி நுனியில் எடுத்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒவ்வொரு பல்லாக நிற்க வைப்பார். வைக்கும்போதே அந்தப் பல்லோடு பேசுவார். "கொஞ்சம் தள்ளி நில்லு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு இடம் விடு" என்பார்.

கல்யாண வீட்டுக்குப் போனால் யார் சிரித்தாலும் அவர் கண் பல்லுக்குத்தான் போகும். என் விலாவில் முழங்கையால் இடிப்பார். "மாப்ளே, அந்த மேல் வரிசை நம்ம கைவேலை. நாலாவது பல்லைக் கொஞ்சம் கோணலா வெச்சேன் பாத்தியா? எல்லாம் நேரா இருந்தா ஊரே கண்டுபிடிச்சிடும்." அக்கா பக்கத்தில் நின்று, "சத்தம் போடாதீங்க, அவங்க காதுல விழப்போகுது" என்று சொல்லிக்கொண்டே அடக்கமாட்டாமல் சிரிப்பாள். முப்பது வருடமாக அவர் பேசி அவள் சிரித்து, அந்த வீடு அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் அவரும் ஏரிக்குப் போவோம். என் படகு, அவர் தூண்டில். பொய் இரையைப் பின்னால் நீளமாக விட்டு, படகை மெதுவாக ஓட்டி இழுத்துக்கொண்டே போகிற மீன்பிடி. அதில் எல்லாமே வேகத்தில்தான் இருக்கிறது. ஆள் நடக்கிற வேகத்தில் போனால் பொய் இரை நிஜ மீன் மாதிரி நெளியும். கொஞ்சம் கூடினாலும் மேலே வந்து துள்ளும், எந்த மீனும் திரும்பிப் பார்க்காது.

பழைய எஞ்சின் பதினைந்து குதிரை சக்தி. அது போதும் என்று இருந்திருக்கலாம். நான்தான் வீம்புக்கு நாற்பது குதிரை சக்தியில் ஒன்றை வாங்கி, பிரித்து மேய்ந்து, புதிதுபோல் ஆக்கி மாட்டினேன். அதைத் தாழ்ந்த வேகத்தில் வைத்தாலும் படகு ஓட்டமும் நடையுமாகத்தான் போகும்.

"மாப்ளே, நாம மீன் பிடிக்கப் போறோமா, மீனைத் துரத்தப் போறோமா?" என்று அத்தான் முதல் நாளே கேட்டார்.

எஞ்சினுக்குப் பின்னால் மாட்டுகிற தட்டு ஒன்று கிடைக்கும். இறக்கினால் விசிறி தள்ளுகிற தண்ணீர் அதில் மோதி வேகம் பாதியாகும். இதை ஊருக்கெல்லாம் மாட்டிக் கொடுக்கிறவனே நான்தான். என் எஞ்சினுக்கு மட்டும் மாட்டமாட்டேன் என்று அடம் பிடித்தேன். பெற்ற பிள்ளைக்கு நானே கால்கட்டுப் போடுவதா என்று இருந்தது எனக்கு.

அத்தான் வாதாடவில்லை. அடுத்த ஞாயிறு, பிளாஸ்டர் மாவு வருகிற பெரிய வாளி இரண்டைக் கொண்டுவந்தார். அடியில் நாலு நாலு ஓட்டை போட்டிருந்தார். கயிறு கட்டி, படகுக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று தண்ணீரில் இறக்கினார். படகு சட்டென்று அடங்கி, நடந்து போகிற மாதிரி போனது. அன்றைக்கு மூன்று மீன். எனக்கு வயிற்றெரிச்சல்.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் சத்தத்தில் நீளமாகப் பேசினால் கேட்காது. அதனால் எங்கள் படகில் ஒற்றை வார்த்தைதான். 'விடு' என்றால் கைப்பிடியை விடு என்று அர்த்தம். திருகிப் பிடித்திருக்கிற கைப்பிடியை விட்டால் வேகம் தானாகக் குறையும். ரோட்டில் இதே வார்த்தைக்கு அர்த்தம் நேர் எதிர். டிரைவரிடம் 'விடு' என்றால் கிளம்பு, அழுத்திப் போ என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். ஆனால் படகில் எங்களுக்குள் குழப்பம் வந்ததே இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு முறைகூட இல்லை.

ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு, படகுத்துறையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் என்னிடம் பெரிய எஞ்சின் மாட்டலாமா என்று விசாரிக்க வந்தவர். நான் என் எஞ்சினைக் காட்டிப் பெருமை அளந்துகொண்டிருந்தேன். பின்னால் அத்தான் இரண்டு வாளியோடு வந்தார்.

"அதென்ன வாளி?" என்று அந்த ஆள் கேட்டார்.

"அதுவா? மாப்பிள்ளை எஞ்சினுக்கு வயித்துப்போக்கு, நிக்கவே நிக்காது. அதான் ஆளுக்கொரு வாளி எடுத்துட்டு வந்திருக்கோம்."

துறையே சிரித்தது. எஞ்சின் விசாரிக்க வந்தவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் தண்ணீரில் வாயைத் திறக்காமல் ஓட்டினேன். அத்தான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தார். "கோவமா மாப்ளே? எஞ்சின் கோச்சுக்கலையே, நீ ஏன் கோச்சுக்கறே?" என்றார். எனக்கு உள்ளே கொதித்தது.

அப்போது மீன் கடித்தது. நல்ல கனமான மீன். தூண்டில் நரம்பு சாய்ந்து இடப்பக்க வாளிக்கு அடியில் போகப் பார்த்தது. அத்தான் தூண்டிலை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் வாளிக் கயிற்றைத் தூக்க எழுந்தார். என் பக்கம் அவர் முதுகுதான் தெரிந்தது. அப்படியே திரும்பாமல் குரல் கொடுத்தார்.

"விடு."

நான் திருகினேன்.

நாற்பது குதிரை சக்தியும் ஒன்றாகப் பாய்ந்தது. தண்ணீர் நிறைந்த வாளி பின்னால் இழுத்தது. அத்தான் பிடிமானத்துக்காகக் கயிற்றைக் கையில் ஒரு சுற்று சுற்றியிருந்தார்.

மருத்துவமனையில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் எடுத்துவிட்டார்கள். பல் செட் வேலை அன்றோடு போனது. பல் மருத்துவமனைக்காரர் நல்ல மனிதர், முன்பக்கம் மேஜை போட்டு, வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ள அத்தானை உட்கார வைத்தார். இடது கையால் எழுத அவருக்கு ஒரு வருடம் பிடித்தது.

அக்கா அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்து உலுக்கி என்ன ஆச்சு என்று கேட்டாள். "விடுன்னார். வேகமாப் போகச் சொல்றார்னு நெனச்சு விட்டேன்" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த வார்த்தை அப்படித்தானே, இரண்டு பக்கமும் போகும் என்றார்கள். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த அத்தானும் அதையே சொன்னார். "அவன் மேல தப்பில்ல. நான்தான் நிறுத்துன்னு சொல்லியிருக்கணும். வார்த்தையைத் தப்பாச் சொல்லிட்டேன்." நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அடுத்த வாரமே அந்தத் தட்டை வாங்கி என் எஞ்சினில் மாட்டினேன். இரண்டு போல்ட், இருபது நிமிட வேலை.

அதன் பிறகுதான் அத்தான் பேச்சு மாறியது. முதலில் வலியால் பேசவில்லை என்று நினைத்தோம். வலி போனது, பேச்சு வரவில்லை. வந்தபோது இந்த நோட்டீஸ் பாஷையில் வந்தது. 'மூடு' என்று சொல்லமாட்டார். "வாசல் கதவு திறந்திருக்கு, அதைச் சாத்திடு" என்பார். ஒன்று சொல்வதற்கு முன் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்ப்பார், உதடு அசைவது தெரியும். கல்யாண வீடுகளில் யார் பல்லையும் பார்ப்பதில்லை. அக்கா அவர் பேசுவதைக் கேலி செய்து தனியாகச் சிரிக்கப் பழகிக்கொண்டாள்.

அக்கா கேட்டுக்கொண்டபடி அந்த வார ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவரைப் படகில் ஏற்றினேன். தட்டை இறக்கினேன். படகு நடந்தது. அவர் இடது கையால் தூண்டிலைப் பிடித்து, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா ரொம்ப அழறா அத்தான்" என்றேன்.

"தெரியும்."

"ஏன் போகமாட்டேங்கறீங்க?"

உதடு அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

"பாப்பாவுக்குப் பேச்சு வர ஆரம்பிச்சிருக்கு. நாம என்ன சொன்னாலும் அது திருப்பிச் சொல்லுதாம். சொன்னதைச் செய்யுதாம். வா-ன்னா வருதாம், போ-ன்னா போகுதாம்."

"நல்லதுதானே."

"அந்த வீட்ல மாடிப்படி இருக்கு மாப்ளே. சமையலறைல அடுப்பு இருக்கு. பகல் பூரா பாப்பா எங்க பொறுப்புல இருக்கும். உங்க அக்கா குளிக்கப் போவா, துணி காயப்போடப் போவா. நான் அவசரத்துல ஒண்ணு சொல்லி, அது வேற ஒண்ணு புரிஞ்சுக்கிட்டா?" மடியிலிருந்த கையைப் பார்த்தார். "உனக்கே புரியல. நீ பெரிய ஆளு. குழந்தைக்கு எப்படிப் புரியும்? என் வாய் சரியில்ல. அதைக் குழந்தை கிட்டக் கொண்டு போகமாட்டேன்."

இந்த மனிதர் ஆறு வருடமாக இதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தெரிய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை, அதுதான் உண்மை. வாரா வாரம் பார்த்தேன். அவர் அமைதியாகிவிட்டார், வயதாகிறது என்று எனக்கு வசதியாக நினைத்துக்கொண்டேன்.

எஞ்சினை அணைத்தேன்.

"ரிப்பேரா?" என்றார்.

"இல்ல. அத்தான், அன்னிக்கு நீங்க சொன்னது எனக்குச் சரியாத்தான் புரிஞ்சுது."

"எது?"

"விடுன்னது. கைப்பிடியை விடச் சொல்றீங்கன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் திருகினேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தூண்டில் நரம்பு தொய்ந்து தண்ணீரில் கிடந்தது.

"கயிறு என் கையில சுத்தியிருந்தது உனக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாது. நீங்க எழுந்து நின்னீங்க. ஒரு உலுக்கு உலுக்கினா பொத்துன்னு கீழ உக்காருவீங்க, நான் சிரிக்கலாம்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்று அவரும் சொன்னார். பிறகு, "எதுக்கு?" என்றார்.

"துறையில எல்லார் முன்னாடியும் எஞ்சினைக் கேலி பண்ணினீங்க. வயித்துப்போக்குன்னு."

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு அது நினைவே இல்லை. நான் அந்த வாளி ஜோக்கை முழுவதும் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. நான் அழுதுகொண்டே அதைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் வாய் ஓரம் ஒரு நொடி சிரிக்கப் பார்த்தது. பிறகு அது போய்விட்டது.

"கை போனதுக்கு நான் நாலு மாசம் அழுதேன். அப்புறம் பழகிடுச்சு" என்றார். உதட்டை அசைத்துப் பார்க்காமல், நேராகவே பேசினார். "எஞ்சின் ஓட்டறவன் கோவத்துல திருகினான், கை போச்சுன்னா அது ஒரு விபத்து. அதை நான் மன்னிச்சிருப்பேன், அன்னிக்கே மன்னிச்சிருப்பேன். ஆஸ்பத்திரில என் பக்கத்துலதானே நின்னீங்க? நான் என் வாயைத் திட்டிக்கிட்டு இருந்தேன். கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க? தினமும் உங்க அக்காகிட்ட ஏதாவது சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். ஆறு வருஷம் முழுங்கினேன்."

அக்காவைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். 'வாடா மாப்ளே' என்பார். கொஞ்சம் முன்புகூட அப்படித்தான் பேசினார். இப்போது 'நீங்க' என்றார். வாய் தவறி வந்ததோ என்று நினைத்தேன்.

"அத்தான், அடிச்சிடுங்க. திட்டுங்க."

"போட்டைத் திருப்புங்க" என்றார். "உங்க அக்காகிட்ட இதைச் சொல்லவேண்டாம். அவளுக்குக் கூடப்பொறந்தது நீங்க ஒருத்தர்தான்."

திருப்பினேன். தட்டை மேலே தூக்கவில்லை, வேகமாக ஓட்டக் கை வரவில்லை. துறைக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. படகை விட்டு இறங்கும்போது கை கொடுக்கப் போனேன். அவர் தூணைப் பிடித்து இறங்கிக்கொண்டார். துறைக் காவலாளி தூங்கி எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான். அவனைப் பார்த்து, "அந்தக் கடைவாய்ப் பல்லைச் சீக்கிரம் காட்டுப்பா, அடுத்த கொட்டாவியில கீழ விழுந்திடும்" என்றார். அவன் சிரித்தான். நான் படகில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையிலேயே அக்கா கடைக்கு ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்படி என்னடா பேசினே? வர்றேன்னுட்டார். நேத்து சாயங்காலம் பூரா பேசிக்கிட்டே பெட்டி கட்டினார். நம்ம அப்பா பல் செட்டைக் கிணத்துல போட்ட கதை, அதை எத்தனை வருஷம் கழிச்சுச் சொல்றார் தெரியுமா? சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிக்குது." என் கிரீஸ் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உனக்குக் கோடிப் புண்ணியம்டா. என் வீட்டை எனக்குத் திருப்பிக் கொடுத்துட்டே."

கையை உருவிக்கொள்ளக்கூட எனக்குத் தெரியவில்லை.

ரயிலடிக்குப் போய்ப் பெட்டி தூக்கினேன். அத்தான் எதிர் சீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். வண்டி நகரும்போது அக்கா ஜன்னலில் கை நீட்டினாள்.

இப்போது அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். போன வாரமும் செய்தாள். பின்னால் அத்தான் குரல் கேட்டது. குழந்தையிடம் என்னவோ கதை சொல்கிறார். அது கெக்கெக்கே என்று சிரிக்கிறது. "இது மேல் பல்லு, இது கீழ் பல்லு, ரெண்டுக்கும் இன்னிக்குச் சண்டை" என்கிறார். குழந்தை "சண்ட" என்கிறது. மூச்சு விடாமல் பேசுகிறார்.

"அத்தான்கிட்டக் குடேன் அக்கா" என்றேன். எட்டு வாரமாக எல்லா ஞாயிறும் கேட்கிறேன்.

போனை அவரிடம் நீட்டியிருப்பாள். பின்னால் பேச்சு நின்றது. குழந்தை மட்டும் "சண்ட, சண்ட" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

"அப்புறமாப் பேசறாராம்டா" என்றாள் அக்கா. குரலைத் தாழ்த்தி, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல அக்கா."

"அப்ப சரி" என்றாள். நான் போனை வைப்பதற்குள் அங்கே அவர் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்.